வசதியான, நீடித்து உழைக்கும் கையுறை

மனிதனுக்குக் கைகள் இரண்டு என்பது எந்த அரசாணையும் இல்லாமலேயே நடைமுறைக்கு வந்துவிட்ட ஓர் ஏற்பாடு. எங்கள் துறை தோன்றுவதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிட்டதால் யாராலும் ஆட்சேபிக்க முடியவில்லை. இல்லாவிட்டால் முதற்கட்டமாக ஒரு கையை வழங்கி, அதன் பயன்பாட்டை ஆராய்ந்த பின்னரே மற்றதைப் பரிசீலித்திருப்போம்.

எங்கள் துறை என்ன வேலை செய்கிறது என்பது இந்தக் கதைக்கு அவசியமில்லை. துறைக்கே இதுவரை அவசியப்படவில்லை. ஆனால் துறைக்கு ஒரு பணியாளர் மனமகிழ் மன்றம் உண்டு. மன்றத்தில் துப்பாக்கி சுடும் பிரிவும் உண்டு. பயந்துவிடாதீர்கள், வெறும் காற்றுத் துப்பாக்கிதான். அலுவலகத்துக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்திருந்த தகரக் கூரைக் கிடங்கில், நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சனிக்கிழமை மதியம் சுடுவோம். வருடத்துக்கு ஒருமுறை பக்கத்துத் துறையோடு போட்டி. கோப்பை தவறாமல் பக்கத்துத் துறைக்குப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் உருப்படியாகச் சுடத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். தபால் பிரிவில் உறைகளுக்கு முத்திரை குத்தும் அம்மா. எங்களுக்கெல்லாம் தோட்டா அக்கா. வாரம் முழுக்க அடுத்தவர்கள் எழுதியதை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருப்பவருக்கு, தன் கையிலிருந்து ஒன்று கிளம்பி நேராகப் போய்ச் சேருவதைக் கண்ணால் பார்க்கச் சனிக்கிழமை ஒன்றுதான் இருந்தது. ஆனால் அக்காவுக்கு உள்ளங்கை வியர்க்கும். கடைசிச் சுற்று வரை முன்னணியில் இருப்பார். கடைசிச் சுற்றில் துப்பாக்கி இடது கையில் வழுக்கும். குண்டு ஏதாவது ஒரு நாற்காலியின் முதுகில் போய்ப் பதியும். வருடா வருடம் இதே கதை. அதோடு இந்த வருடம் அக்கா ஓய்வு பெறுகிறார். ஒரே ஒரு தடவையாவது ஜெயித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. அதற்குத் தேவை ஒரு ஜோடி கையுறை.

"கடையில் வாங்கி மாட்டிக்கிட்டுப் போறதுக்கு என்ன?" என்று அவர் வீட்டுக்காரர் கேட்டாராம். பாவம், அவர் தனியாரில் வேலை பார்த்தவர். துறை வழங்காத எதையும் போட்டியாளர் கையில் அணியக் கூடாது என்பது மன்றத்தின் விதி. போன வருடம் ஒருவரின் கல்யாண மோதிரத்தையே கழற்றச் சொன்னார்கள். அவர் இத்தனை நாளாகக் கேட்க ஆளில்லாமல் இருந்ததுபோலச் சந்தோஷமாகக் கழற்றினார்.

ஆகவே அக்கா விண்ணப்பம் எழுதினார். "ஒரு ஜோடி கிளவுஸ் தேவை" என்று தொடங்கி, எப்படி இருக்க வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தார். இரண்டே நாளில் விண்ணப்பம் திரும்பி வந்தது. இயக்குநர் 'கிளவுஸ்' என்பதைச் சிவப்பு மையால் சுழித்து, "தூய தமிழில் எழுதுக" என்று போட்டிருந்தார்.

அந்த மாதம் எங்கள் துறையில் தூய தமிழ் மோஸ்தராக இருந்தது. அதற்கு முந்தின மாதம் மூச்சுப் பயிற்சி. அதற்கும் முன்னால் நின்றுகொண்டே வேலை பார்ப்பது. அதைத்தான் எங்களால் சரியாகச் செய்ய முடிந்தது, ஏனென்றால் பாதி நாற்காலிகள் கிடங்கில் கிடந்தன. தூய தமிழ் வந்த அன்று இயக்குநர் கடைநிலை ஊழியரை அழைத்து, "சூடாக ஒரு குளம்பி கொண்டு வா" என்றார். அவர் காபி கொண்டு வராமல், "யாருக்கு சார் கால்ல அடி?" என்று கேட்டுக்கொண்டு களிம்போடு வந்தார்.

அக்கா 'கிளவுஸ்' என்ற இடத்திலெல்லாம் 'கையுறை' என்று திருத்தி மறுபடி அனுப்பினார். இங்கேதான் விதி விளையாடியது.

எங்கள் துறையில் எல்லா விண்ணப்பமும் கண்காணிப்பு அலுவலர் மேசை வழியாகத்தான் போகும். அவர் மேசையில் தலையணை மொத்தத்துக்குப் பழைய அகராதி ஒன்று இருக்கும். தூய தமிழ் வந்ததிலிருந்து கோப்புகளில் எழுதியிருப்பது யாருக்கும் புரியாததால் வாங்கிவைத்தது. அதனால் அவரை அகராதியார் என்று கூப்பிடுவோம். அகராதி வாங்குவதற்கு முன்பும் அவரை அகராதி பிடித்தவர் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அகராதியார் 'கையுறை' என்ற சொல்லைத் தேடினார். முதல் பொருள், காணிக்கை. இரண்டாவது பொருள், இலஞ்சம். பக்கம் அத்தோடு முடிந்தது. மூன்றாவது பொருள் அடுத்த பக்கத்தில் இருந்தது. ஆனால் குற்றம் கிடைத்த பிறகு பக்கத்தைப் புரட்டும் பழக்கம் அவருக்கில்லை.

விசாரணைக்கு அக்காவை வரச் சொன்னார். குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

"இந்த விண்ணப்பம் நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமா சார்."

"யாரும் மிரட்டி எழுத வைக்கலையே?"

"ஐயய்யோ, இல்ல சார். ரொம்ப நாளாவே கேட்கணும்னு இருந்தேன். கூச்சமா இருந்துச்சு."

"'வசதியாக இருக்க வேண்டும்'னு போட்டிருக்கீங்க. யாருக்கு வசதி?"

"எனக்குத்தான் சார். ஒவ்வொருத்தர் கைக்கும் ஒவ்வொரு அளவு இருக்குல்ல?"

"இருக்கு, இருக்கு. பதவிக்குத் தக்கபடி மாறும்." அவர் அந்த வரியின் கீழ் கோடு போட்டார். "'நீடித்து உழைக்க வேண்டும்'னா?"

"நான் இன்னைக்கோ நாளைக்கோ போயிடுவேன் சார். எனக்கப்புறம் இந்த சீட்டுக்கு வர்றவங்களுக்கும் அது பயன்படணும்ல?"

அகராதியார் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன்.

"'வியர்வையை உறிஞ்ச வேண்டும்'னு எழுதியிருக்கீங்களே, யாரோட வியர்வையைம்மா?"

"யாரோடதா இருந்தா என்ன சார்? நல்ல சரக்கா இருந்தா எல்லார் வியர்வையையும் உறிஞ்சும்."

"'உள்ளே உறுத்தக் கூடாது'?"

"மட்டமா வாங்கினாத்தான் சார் உறுத்தும். நல்லதா வாங்கினா வாங்கினதே தெரியாது. பழகிப் போயிடும்."

அகராதியார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பொழுதுபோக்குக்காகன்னு வேற போட்டிருக்கீங்களேம்மா!"

"தொழிலா செய்யறவங்க வேற தினுசு வாங்குவாங்க சார். நான் சனிக்கிழமை மட்டுந்தான்."

"என் சர்வீஸ்ல இவ்வளவு வெளிப்படையா ஒருத்தரும் பேசினதில்லை" என்றார் அவர். உண்மையிலேயே மரியாதையோடுதான் சொன்னார்.

"நன்றி சார். அப்ப போட்டிக்கு முன்னாடி கிடைச்சுடுமா?" என்றார் அக்கா.

மறுநாள் கிடைத்தது. கையுறை அல்ல, குற்றச்சாட்டுக் குறிப்பாணை. தடித்த தாளில், கனமான கட்டாக, ஒவ்வொரு பக்கத்திலும் துறை முத்திரையோடு வந்தது. தபால் பிரிவு என்பதால் அக்காவே முத்திரை குத்தி, அக்காவே உறையில் போட்டு, அக்காவே கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டார். விசாரணை முடியும் வரை அவர் எவ்விதக் கையுறையும் பெறலாகாது என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. சாப்பாட்டு வேளையில் அக்கா அழுதார். எங்களுக்கு மனசு கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் தனித்தனியாகப் போய், "நான் உங்க பக்கம்தான்க்கா" என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டு வந்தோம்.

போட்டி நாள் வந்தது. கிடங்கு நிரம்பி வழிந்தது. கடைசிச் சுற்று வரை அக்காதான் முன்னணி. கடைசிச் சுற்றுக்கு முன்னால் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். பிறகு கைப்பையைத் திறந்து குறிப்பாணையை எடுத்தார். தாள்களை இடது உள்ளங்கையில் சுற்றி, தபால் பிரிவு ரப்பர் பட்டையால் இறுக்கினார்.

பக்கத்துத் துறை நடுவர் ஓடி வந்தார். "இதெல்லாம் கட்டக் கூடாதும்மா. துறை கொடுத்ததுதான் கையில் இருக்கணும்."

"துறை கொடுத்ததுதான் சார். முத்திரை பாருங்க. கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கேன்."

நடுவர் பார்த்தார். மறுக்க வழியில்லை. அக்கா துப்பாக்கியைத் தூக்கினார். எங்கள் துறை வெளியிட்ட காகிதங்களிலேயே ஓர் ஆளுக்கு உருப்படியாகப் பயன்பட்டது அது ஒன்றுதான் என்று துணிந்து சொல்லுவேன். வியர்வையை உறிஞ்சியது, கொஞ்சமும் வழுக்கவில்லை. குண்டு அட்டையின் நடுப்புள்ளியைத் துளைத்தது.

அப்போது நாங்கள் கை தட்டினோம் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டல். தகரக் கூரை அதிர்ந்தது. நாற்காலி மேல் ஏறி நின்று தட்டியவர்கள் நாற்காலியோடு விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே தட்டினார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். சின்னப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் கோப்பையைக் கொடுத்தார். கூடவே பரிசுப் பொட்டலம் ஒன்றையும் கொடுத்தார். பிரித்தால், உள்ளே ஒரு ஜோடி கையுறை! விண்ணப்பத்தின் நகல் ஒன்று கொள்முதல் பிரிவுக்குப் போயிருந்தது. அதைப் பரிசுக்கான யோசனை என்று நினைத்து, எழுதியிருந்தபடியே வாங்கிவிட்டார்கள். மெத்தென்று இருந்தது. தையல் கண்ணுக்கே தெரியவில்லை.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க!" என்று ஒரு குரல் கேட்டது. அகராதியார் நாற்காலிகளுக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "கையும் களவுமா சிக்கிட்டீங்க. விசாரணை நடக்கும்போதே, சபை நடுவுல, கையுறை வாங்கியாச்சு. கொடுத்தவரும் குற்றவாளிதான்."

"நான் எங்கே கொடுத்தேன்?" என்றார் இயக்குநர். "சும்மா கையை நீட்டிக்கிட்டு நின்னேன். அந்தம்மா எடுத்துக்கிட்டாங்க." பதற்றத்தில் தூய தமிழ் அவரை விட்டுப் போய்விட்டது. பிறகு அவர் அதைத் தேடவும் இல்லை.

"கை தட்டினவங்க அத்தனை பேரும் உடந்தை" என்றார் அகராதியார்.

ஆளுக்கொரு விளக்கம் கேட்கும் குறிப்பு வந்தது. ஒரே கேள்விதான்: தாங்கள் கை தட்டினீர்களா? நாங்கள் தேநீர் வேளையில் கூடிப் பேசினோம். ஆளாளுக்குக் குடும்பம் இருந்தது, பதவி உயர்வு இருந்தது. பக்கவாட்டில் நின்றிருந்தேன், கையில் குடை இருந்தது, கொட்டாவிக்குக் கையை வாயருகே கொண்டுபோனேன் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தோம். மொத்தத்தில் யாரும் தட்டவில்லை.

"அப்ப அந்தச் சத்தம்?" என்று அகராதியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"மழை சார். தகரக் கூரையில்ல?"

கோடைக்காலம்தான். ஆனாலும் இத்தனை பேர் எழுத்துமூலம் சொன்ன பிறகு, குறிப்பிட்ட அந்தப் பிற்பகலில் எங்கள் கிடங்கின் மீது மட்டும் கனமழை பெய்ததாகப் பதிவாயிற்று. மழை நிவாரணம் கேட்டு இரண்டு பேர் மனுகூடப் போட்டார்கள்.

அக்கா ஓய்வு பெறும் நாளில் தீர்ப்பு வந்தது. எங்களையெல்லாம் கூடத்தில் கூட்டி, அகராதியாரே படித்தார். யாரும் கை தட்டாதபடியால் வெற்றி எதுவும் நிகழ்ந்திருக்க முடியாது. வெற்றி நிகழாதபடியால் பரிசு வழங்கப்பட்டிருக்க முடியாது. பரிசு வழங்கப்படாதபடியால் கையுறை பெறப்படவில்லை. எனவே குற்றச்சாட்டு கைவிடப்படுகிறது, அம்மையார் நிரபராதி. கோப்பை, நிகழாத வெற்றிக்கானது என்பதால், பக்கத்துத் துறைக்கே திருப்பி அனுப்பப்படுகிறது.

படித்து முடித்து ஆணையை அக்காவிடம் நீட்டினார். அகராதியாரின் கைகளில் அந்தப் பரிசுக் கையுறை மாட்டியிருந்தது. நாங்கள் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சான்றுப் பொருள். நீடித்து உழைக்குதான்னு ஆய்வு இன்னும் முடியலை" என்றார்.

அக்கா ஆணையை வாங்கிப் படித்தார். எங்களை ஒரு தடவை வரிசையாகப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவர் பக்கம்தான். ஆனால் அவர் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருந்தது. அவர் கைப்பையைத் தரையில் வைத்தார். நிமிர்ந்து நின்று, வெறும் கையால் தனக்குத்தானே தட்டத் தொடங்கினார். நிதானமாக, ஒவ்வொன்றாகத் தட்டினார்.

அகராதியார் தலையைத் தூக்கினார். "என்ன சத்தம் அது?"

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

"மழை சார்" என்றோம் நாங்கள் ஒரே குரலில். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்து போய், சாரல் அடிக்காமலிருக்க ஜன்னலைச் சாத்தினார்.