ஆடாத தொங்கட்டான்

என் மனைவியின் ஒரே தம்பியும், அதனால் எனக்கு வாய்த்த ஒரே மைத்துனனுமான மாப்பிள்ளைக்கு, அத்தான் எழுதுவது.

இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மூன்று விரலில் பிளாஸ்திரி இருப்பதால் ஓரளவு நலம் என்று வைத்துக்கொள். உன் வீட்டில் எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டும், நீ மட்டும் இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும் வரை கொஞ்சம் சங்கடப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

விஷயம் இதுதான். ‘வீட்டிலேயே தொங்கட்டான் செய்யலாம்’ என்று மணியும் கம்பியுமாக ஒரு பெட்டியை அக்காவுக்கு அனுப்பினாயே, அது என் மானத்தை வாங்கிவிட்டது. உன் அக்கா நூலகத்து வேலையிலிருந்து வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறாள். மேடை, மைக் எல்லாம் உண்டு. அவளோடு வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, என் வாய் சும்மா இருக்குமா, “அன்னைக்கு இவ காதுல தொங்கப்போறது நான் செஞ்சதாத்தான் இருக்கும்” என்று அறிவித்துவிட்டேன். ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், ஊர்ப்பட்ட ஜனங்களைக் கம்பியில் தொங்கவிட்டுக் காப்பாற்றியவன், நாலு மணியைத் தொங்கவிட முடியாதா என்ற திமிர்தான்.

பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் திறந்தேன். மணிகளை நிறவாரியாகப் பிரித்துத் தட்டில் வைத்து, குனிந்து அழகு பார்த்தபோது தும்மல் வந்தது. அதிலிருந்து இந்த வீட்டில் யார் எங்கே கால் வைத்தாலும் “ஐயோ” என்று ஒரு சத்தம். ஃப்ரிட்ஜுக்கு அடியில் குச்சி விட்டுத் துழாவியதில் பாதி மணியும், எப்போதோ தொலைந்துபோன ரிமோட் மூடியும் கிடைத்தன. சரி என்று கம்பியை எடுத்தால் தலைமுடி கனம்கூட இல்லை. இதுவா தாங்கும்? சோதித்துப் பார்க்க வீட்டுச் சாவிக்கொத்தை மாட்டினேன், கொக்கி வாயைப் பிளந்துவிட்டது. எங்கள் தொழிலில் பத்து மடங்கு எடை தாங்காத எதையும் கையால் தொட மாட்டோம். என் கருவிப் பையிலிருந்து தடித்த கம்பியை வெட்டி, வளைத்து, கொக்கி செய்து காதருகே கொண்டுபோனேன். உன் அக்கா நாற்காலியோடு நகர்ந்துவிட்டாள்.

“இது காதுங்க. ஆணி அடிக்கிற சுவரில்ல.”

பெட்டியில் வந்த மெல்லிய கொக்கிக்கே இறங்கிவந்தேன், ஆனால் மனசு கேட்கவில்லை. நழுவி விழுந்தால்? பின்பக்கம் நெருக்கிப் பூட்ட ஒரு பித்தளை வளையம் செய்தேன். அடுத்தது ஆட்டம். லிஃப்ட் கூண்டு பக்கவாட்டில் ஆடினால் உள்ளே இருப்பவர் வயிறு கலங்கும், அதனால் இரண்டு பக்கமும் தண்டவாளம் போட்டு ஆடவிடாமல் பிடித்திருப்போம். அதே மாதிரி மணிச்சரத்துக்கு இரண்டு பக்கமும் கம்பி இறக்கி, கொக்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மாப்பிள்ளை, அதை உலுக்கினேன், மின்விசிறிக்கு நேரே பிடித்தேன், மயிரிழைகூட ஆடவில்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

உன் அக்கா வளையத்தை நெருக்காமல் அதைச் சும்மா மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். தலையை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

“என்னங்க, ஆடவே மாட்டேங்குது?”

“ஆடாது. அதுக்கு நான் பொறுப்பு.”

“தொங்கட்டான்னா ஆடணும்ங்க. அதுக்குத்தானே போடுறது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை யாருமே சொல்லலையே! நீயாவது சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவள் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. இத்தனை வருஷமும் பணத்தைக் கையில் கொடுத்து, “உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ” என்றே காலத்தை ஓட்டியவன், முதல் தடவையாக அவளுக்கென்று ஒன்றைக் கையால் செய்தேன். அது மேசைமேல் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு அழுகை வருகிறது, போதுமா?

ஆகவே நீ உடனே கடைக்குப் போய், நீல மணியில், நன்றாக ஆடுகிற ஜோடி ஒன்று வாங்கு. விலைச்சீட்டைக் கிழித்துவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் கீழ்வீட்டுத் தையற்காரர் பெயருக்கு அனுப்பு. நானே திருத்திச் செய்ததாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறேன். அக்கா கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது. உன் பெட்டியையும் வந்து எடுத்துக்கொண்டு போ. இனி இந்த வீட்டு வாசலில் ஒரு மணி வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

உன் மனைவிக்கு அன்பு, பிள்ளைகளுக்கு ஆசி. உனக்கு என்ன என்பதைப் பார்சல் வந்த பிறகு முடிவு செய்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை இல்லை, எல்லாம் அந்த மணிகளுக்கே போய்விட்டிருந்தது. பசை வாங்குவதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போய்விட்டது. வேறு தாளில் எழுதச் சோம்பல், ஆகவே மேலே இருப்பதை நீயே அடித்துவிட்டுப் படி. அன்று காலை உன் அக்கா அந்த ஆடாத ஜோடியை எடுத்துவந்து, “மாட்டி விடுங்க, நேரமாச்சு” என்று காதைக் காட்டினாள். பின்பக்க வளையத்தை நான்தான் குறடால் நெருக்கினேன். மேடையேறி மைக்கைப் பிடித்தவள், நன்றி சொல்வதற்கு முன்பே, “இது எங்க வீட்டுக்காரர் செஞ்சது. எவ்வளவு ஆட்டினாலும் ஆடாது, பாருங்க” என்று தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டிக் காட்டினாள். கூட்டம் சிரித்த சிரிப்பில் நான் மூக்கைச் சிந்தியது யாருக்கும் கேட்கவில்லை. நூலகர் அம்மா தனக்கும் ஒரு ஜோடி கேட்டிருக்கிறார். பெட்டியைத் திருப்பித் தருவதாக இல்லை, இன்னொன்று அனுப்பு.

ஒரே ஒரு சிக்கல். வீட்டுக்கு வந்ததிலிருந்து கழற்றப் பார்க்கிறேன், வளையம் அசையவே இல்லை. தையற்காரரும் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். பெரிய குறடை எடுத்துவருகிறேன் என்றால், உன் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “இருக்கட்டும் விடுங்க, இப்ப என்ன அவசரம்” என்கிறாள்.