மரமே இல்லாத அரியூர் நாட்டிலிருந்து

அரியூர் நாடு,
12.8.2004

மரியாதைக்குரிய அருணாசலம் மாமாவுக்கு, தங்கச்சி மகன் கதிர்வேல் வணக்கத்தோடு எழுதுவது. முழங்கால் நீங்கலாக நான் நலம். அத்தைக்கும் கறவை மாட்டுக்கும் சுகம் வேண்டுகிறேன்.

நீங்கள் வாங்கிக் கொடுத்த மரக் கணக்கெடுப்பு வேலை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன திங்களன்றே போயிருக்க வேண்டியது. இந்த மலைமேல் நாற்பது மானாவாரி நிலங்களில் என்னென்ன மரம் நிற்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால், அதை வைத்து மற்ற நிலங்களில் எத்தனை வகை இருக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்து வரைபடம் போடும். படிவத்தின் அடியில் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும். அங்கேதான் மாட்டினேன். கண்ணாயி அக்கா தன் பலா மரத்தில் சாய்ந்துகொண்டு, "மரமா? இங்க ஏதுங்க மரம்?" என்றார். "அப்ப நீங்க எதுல சாய்ஞ்சிருக்கறீங்க?" என்றேன். "முதுகு வலிங்க, சாய்ஞ்சிருக்கேன்" என்றார். சிரிக்காதீர்கள் மாமா. முன்பு யாரோ பேண்ட் போட்டவர்கள் வந்து எண்ணி நம்பர் அடித்துவிட்டுப் போனபின், தான் நட்ட மரத்தில் கிளை கழிக்க அவர் ஆறு மாதம் மனுவோடு அலைந்திருக்கிறார். எண்ணியவன் பஸ் ஏறிவிட்டான், அலைந்தது இவர். பூஜ்யம் என்று எழுதினால்தான் கையெழுத்து என்றார். கோபத்தில் எழுதிவிட்டேன். அந்தச் சேதி எனக்கு முன்னால நடந்து போயிருச்சுங்க மாமா, நாப்பது நிலத்துலயும் பூஜ்யம்.

பாவம் கம்ப்யூட்டரு, எழுதுனதை அப்படியே நம்பி அரியூர் நாட்டையே மொட்டையடிச்சிருச்சு. அந்தப் படத்தோட எங்க ஆபீசர் அர்த்தனாரி சார் டவுன்ல இருந்து வந்து நின்னது அதே பலாவுக்கடியில. படத்தைப் பாக்கறாரு, மேல பாக்கறாரு, என்னைப் பாக்கறாரு. வேலை போச்சுன்னு பையைக் கட்டிட்டேன். ஆனா அவரு அக்கா பக்கம் திரும்பி, "ஏம்மா மறைச்சீங்க?"ன்னு கேட்டுட்டு, அரை மணி நேரம் குறுக்க பேசாம நின்னாரு மாமா! படிச்ச மனுசன் ஒருத்தர் அப்படிக் காது குடுத்து நான் பாத்ததே இல்ல. அப்புறம் படிவத்துல பேரு, சர்வே நம்பர், கையெழுத்து மூணையும் கோடு போட்டு அடிச்சாரு. "இனி படத்துல எந்த ஒரு கிலோமீட்டர் கட்டம்னு மட்டும் குறிப்போம். யாரோட மரம்னு எங்க ஆபீசுக்கே தெரியாது." அக்கா கொஞ்சம் யோசிச்சுட்டு, "வாங்க சாமி"ன்னு கூட்டிட்டுப் போயி ஒரே ஏக்கர்ல இருபத்து மூணு வகை காட்டுனாங்க. நாப்பது நிலத்தையும் மறுபடி நடக்கறேன்.

இப்படியொரு மனுசர்கிட்ட சேத்துவிட்டதுக்கு உங்களுக்கு எப்பவும் கடமைப்பட்டிருக்கேன். ஒளிவு மறைவில்லாம வேலை செய்யற சுகமே தனிங்க.

உங்கள் இருவர் ஆசியும் வேண்டும்
கதிர்வேல்

பி.கு.: வர்ற வியாழன் சார் அடிவாரத்துல உங்க நிலத்துக்கு வாராரு. வேலியோரச் சந்தன மரம் ரெண்டையும் சோளத்தட்டு சாத்தி மறைச்சிருங்க. பேரெல்லாம் எழுத மாட்டாரு, தங்கமான மனுசன். இருந்தாலும் சந்தனமாச்சே!