பெயர் சொல்லாத அன்பரின் கோழி

2024ஆம் ஆண்டு ஜனவரி 21, ஞாயிற்றுக்கிழமை, காலைத் திருப்பலி முடிந்ததும், பனமரத்துப்பட்டியை அடுத்த ஒரு பங்குக் கோயிலின் வளாகத்தில் அறுவடைக் காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கவிருந்தது. நோக்கம் ஒன்றே: இன்னாசிமேரி நடத்தும் பகல் காப்பகத்துக்கு வேன் வாங்குவது. நடக்க இயலாத பிள்ளைகளை ஏற்றிவந்த பழைய வேனுக்குத் தகுதிச் சான்று மறுக்கப்பட்டுவிட்டது. ஜூன் மாதத்துக்குள் வேறு வேன் வராவிட்டால் காப்பகத்தை மூடிவிடுவதாக அவர் பங்குப் பேரவையில் தெரிவித்திருந்தார். அவர் மிகைபடப் பேசுபவர் அல்லர்.

ஏலப் பொருள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. ஒரே ஒரு குறை: கோழியைக் கொடுத்தவர் யார் என்று எவருக்கும் தெரியவில்லை.

"யாருப்பா கொண்டுவந்தது?" என்று கேட்டார் பேரவைச் செயலர் சின்னப்பராஜ்.

"தெரியலீங்க. நெல்லுக் குவியல்ல மேஞ்சுட்டு நின்னுச்சு. யாரோ வெச்சுட்டுப் போயிட்டாங்கன்னு கூடையப் போட்டுக் கவுத்துட்டேன்," என்றார் பந்தல் வேலையில் இருந்த ஆரோன்.

சின்னப்பராஜ் சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மேலாளர். முந்தைய மாதம் அறப்பணிகளுக்கு நிதி திரட்டுவது குறித்த ஒருநாள் பயிற்சிக்குச் சென்று, இரண்டு பாடங்களை மனப்பாடமாகக் கொண்டுவந்திருந்தார். ஏற்கெனவே கொடுப்பவரிடமே முதலில் கேட்க வேண்டும் என்பது முதல் பாடம். அதன்படி, காப்பகத்துக்கு வாரந்தோறும் முட்டை அனுப்பிவரும் புதுச்சத்திரத்துக் கோழிப்பண்ணைக்காரர் சென்னியப்பன் அழைக்கப்பட்டு, முன்வரிசையில் அமர்த்தப்பட்டிருந்தார். பொருளைப் பற்றிப் பேசாமல் அதற்குப் பின்னால் இருக்கும் மனிதரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது இரண்டாம் பாடம்.

கோழியின் முறை வந்தபோது சின்னப்பராஜ் இரண்டாம் பாடத்தைக் கையாண்டார்.

"பெயர் சொல்ல விரும்பாத ஏழை அன்பர் ஒருவர், தம்மிடம் இருந்த ஒரே கோழியை நம் பிள்ளைகளுக்காகக் கொடுத்திருக்கிறார்."

'ஏழை' என்பதை அவர் முன்பே எண்ணி வைத்திருந்தார். 'ஒரே' என்பது ஒலிபெருக்கியைப் பிடித்தபின் தானாக வந்தது.

பலன் உடனே தெரிந்தது. சில நூறு ரூபாய்க்குப் போகவேண்டிய கோழியை, போர்வெல் வண்டி வைத்திருக்கும் மதன் ஐயாயிரத்துக்கு எடுத்தார். அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் எடுத்தவர் விரும்பினால், பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுக்கலாம். கோழியானால், இரண்டு முறை அப்படிச் சுற்றியபின் யாரேனும் வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைப்பார்கள். மதனின் மனைவி டெபோரா அதற்கு இசையவில்லை.

"ஒத்தைக் கோழிய வெச்சுப் பொழச்சவங்க கோழி. அதைப் போயி நான் அறுக்கறதா? மரியாதையாத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க."

கோழி திரும்பியது. அடுத்து எடுத்தவரும் திருப்பினார், அதற்கடுத்தவரும் திருப்பினார். யாரும் வைத்துக்கொள்ளப்போவதில்லை என்று தெரிந்துவிட்டதால் ஒவ்வொரு சுற்றிலும் தொகை குறைந்துகொண்டே வந்தது. கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டதே தவிரப் பையைத் தொடவில்லை. எல்லாரும் பெரிதும் நம்பியிருந்த இளம்பிள்ளை ஊர்த் தறியில் நெய்த பட்டுச் சேலை பெட்டிக்குள்ளேயே இருந்தது.

"அண்ணா, சேலைய எடுங்கண்ணா. பஸ்ஸுக்குக் கெளம்பறாங்க பாருங்க," என்றார் இன்னாசிமேரி.

எடுப்பவர் கோழியை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று சின்னப்பராஜ் அறிவித்தார். அதன்பின் யாரும் விலை கேட்கவில்லை. அந்தக் கோழியைத் தின்றவர் என்ற பெயரை எடுக்க எவரும் ஆயத்தமாக இல்லை. சரி, கோழியை ஒதுக்கிவிடலாம் என்று சேலைப் பெட்டியைத் திறந்தார். ஏழையின் காணிக்கையை ஓரங்கட்டிவிட்டுப் பட்டுச் சேலை கேட்கிறதா என்று பின்வரிசையில் ஒருவர் உரக்கக் கேட்டார். பெட்டி மூடப்பட்டது. கூடை மறுபடியும் நடுவுக்கு வந்தது.

வேறு வழியின்றிச் சின்னப்பராஜ் முன்வரிசையை நோக்கிக் கும்பிட்டார். சென்னியப்பன் எழுந்தார்.

"என்னாலயும் கொண்டுபோவ முடியாதுங்க. பண்ணையில முப்பதாயிரம் உருப்படி நிக்குது. வெளிக்கோழி ஒண்ணு உள்ள வந்து சீக்கு உளுந்தா அத்தனையும் போயிரும். எங்கூட்டுக்காரி இன்னைக்கு என்னையே குளிக்காம உள்ள உடமாட்டா."

சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு அவர் தொடர்ந்தார்.

"இவ்வளவு நேரம் யோசிச்சுட்டுத்தான் உக்காந்திருந்தனுங்க. வேனுக்கு எவ்வளவு கொறையுதோ, மொத்தமும் நான் தாரேன். ஒண்ணே ஒண்ணு. அந்தக் கோழிக்குச் சொந்தக்காரங்களை நான் பாக்கோணும். அவங்க கையிலயே கோழியக் குடுக்கோணும்."

வளாகமே கைதட்டியது. சின்னப்பராஜ் தட்டவில்லை. இன்னாசிமேரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அருகில் வந்தார்.

"யாருங்கண்ணா அது?"

"தெரியாதும்மா."

"ஏழைன்னு சொன்னீங்க?"

"அது பயிற்சில சொன்னது."

கையெட்டும் தூரத்துக்கு வந்துவிட்ட வேனை இன்னாசிமேரி தம் கண்முன்னே இழந்துகொண்டிருந்தார்.

கோழிக்கு உரியவர் முன்னே வருமாறு சின்னப்பராஜ் ஒலிபெருக்கியில் அழைத்தார், பிறகு வேண்டினார், பிறகு ஏறத்தாழக் கெஞ்சினார். யாரும் வரவில்லை. என்ன தாழ்மை, இப்போதும் முகம் காட்டவில்லையே என்று கூட்டம் உருகியது. எல்லாரையும்விடச் சென்னியப்பன் அதிகமாக உருகினார். கோழியைக் கொடுத்தவர் வரும்வரை தாம் இந்த இடத்தைவிட்டு அசையப்போவதில்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அந்த நேரத்தில், கோயிலுக்கு எதிர்ச்சந்தில் குடியிருக்கும் ராமாயி வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேரே நடந்துபோய்க் கூடையைத் தூக்கினார். கோழியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சின்னப்பராஜ் ஒலிபெருக்கியோடு ஓடினார்.

"அம்மா, இந்தக் கோழி உங்களுதுங்களா?"

"ஆமாங்க."

கூட்டம் எழுந்து நின்றது. சென்னியப்பன் கைகூப்பியபடி வந்தார். "ஒரே கோழியக் குடுத்த தாயி நீங்கதானுங்களா?"

ராமாயி அவரையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் சொன்னதை ஒலிபெருக்கி தெருக்கோடிவரை கொண்டுசென்றது.

"நான் எங்கீங்க குடுத்தேன்? ஊட்டுல இன்னும் பதினஞ்சு நிக்குது, இது ஒண்ணுதான் நெல்லக் கண்டா இங்க பூந்துருது. போன வருசமும் இதையத்தான் ஏலம் உட்டீங்க. ஆனா எடுத்தவங்க மத்தியானத்துக்கே தொறந்து உட்டுட்டாங்க, ஊடு வந்து சேந்துருச்சு. இந்த வருசம் ஏனுங்க இத்தனை நேரம்?"

முடிவில் தீர்மானிக்கப்பட்டவை இவை. கோழிக்குச் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டும், கோழி அவர் கையில் சேர வேண்டும் என்பதே சென்னியப்பன் விதித்த நிபந்தனை; இரண்டும் நடந்துவிட்டதால் வேனுக்குக் குறைகிற தொகை முழுவதையும் அவரே கொடுப்பது. பட்டுச் சேலையைச் சாப்பாட்டுக்குப்பின் ஏலம் விடுவது. இனிச் சின்னப்பராஜ் பொருளின் பெயரை மட்டும் அறிவிப்பது. அடுத்த ஆண்டும் அதே கோழியை, ராமாயியிடம் முறைப்படி கேட்டு வாங்கி ஏலம் விட்டு, நண்பகலுக்கு முன் திறந்துவிடுவது.