விரல் தூக்காத பேசில்

வில்கூரா வார இதழின் ஆசிரியர் திருமதி தோரா பெங்கெல்லி அம்மா அவர்களுக்கு, மாலீ ரோட்டுக் கடைசி வீட்டு பேசில் ஹோஸ்கிங் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நானும் என் மனைவி ஐவியும் நலம். தாங்களும் தங்கள் முழங்காலும் நலந்தானே? வெள்ளிக்கிழமை இதழில் இக்கடிதத்தை முதல் பக்கத்திலேயே போட்டு என் மானத்தைக் காப்பாற்ற வேண்டுகிறேன்.

எங்கள் ரோட்டில் முன்பு ஒரு வளைவும், பதினோரு குழிகளும், நட்டநடுவில் ஒரு யூகலிப்டஸ் மரமும் இருந்தது தாங்கள் அறிந்ததே. அப்போதெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஓட்டினார்கள். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஊராட்சிக்காரர்கள் மரத்தை வெட்டி, வளைவை நிமிர்த்தி, விமானம் இறங்குகிற அகலத்துக்குத் தார் போட்டு, ஓரத்தில் ஐம்பது என்று ஒரு பலகையும் நட்டார்கள். பலகை ஐம்பது என்கிறது, ரோடு தொண்ணூறில் போ என்கிறது. ஜனங்கள் ரோடு சொல்வதைத்தான் கேட்கிறார்கள். எதிரே பார்க்க ஒன்றுமில்லை என்று போனைப் பார்க்கிறார்கள். ஒருவர் இரண்டு கையாலும் மீட் பை என்கிற கறி அடைத்த பணியாரத்தைத் தின்றுகொண்டு முழங்காலால் வண்டி ஓட்டிப் போனதை நானே பார்த்தேன்.

எங்கள் தபால் பெட்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது அம்மா. காலை பத்து மணிக்கு ஐவி தன் நாலுகால் தடியை ஊன்றிக்கொண்டு போய்த் தபால் எடுத்து வருவாள். "இந்த ஒரு வேலையையும் நீ புடுங்கிக்காத பேசில்" என்பாள். புது ரோடு வந்தபின் இந்த ஓரத்தில் இருபது நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பேசாமல் உட்கார்ந்துகொண்டாள். நாற்பது வருடத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே என் பழைய கோட்டில் வைக்கோல் திணித்து, என் தொப்பியை மூக்குவரை இறக்கி, தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ஓர் ஆள் இருந்தாலாவது பார்ப்பார்கள் அல்லவா? முதலில் வந்தவர் எங்கள் புல்தரைப் பந்துருட்டும் ஆட்டக் குழுவின் கேப்டன் லெஸ் குர்னோ. நம்மூர் மரியாதைப்படி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார். பொம்மை தூக்கவில்லை. திரும்பி வரும்போது மெதுவாக வந்து நாலு விரலையும் தூக்கினார். மூன்றாம் தடவை ஊர்ந்து வந்து கையையே வெளியே நீட்டி ஆட்டினார்.

"யோவ் பேசில்! முப்பது வருஷமா ஒண்ணா விளையாடறோம். ஒரு விரலத் தூக்குனா தேஞ்சா போயிடும்?"

நான் அப்போது குளியல் தொட்டியில் தலை நிறைய சோப்போடு ஜன்னல் வழியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படிப் போவது?

ஒரே வாரத்தில் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுக்கு எதிரே வந்ததும் வண்டியை மெதுவாக்கி, நான் விரல் தூக்குகிறேனா என்று சோதிக்கிறார்கள். யாரோ தபால் பெட்டிக்குள் லாமிங்டன் கேக் வைத்து, "மனசு சரியில்லையாமே, சாப்பிடுங்க" என்று சீட்டும் எழுதியிருந்தார்கள். சாப்பிட்டேன். கிளப்பில் லெஸ், "விரல் தூக்காத ஆளுக்குப் பந்து உருட்ட மட்டும் விரல் வருமோ?" என்று சொல்லி, சனிக்கிழமை இறுதி ஆட்டத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்ததும் மொத்தக் கிளப்பும் முதுகைக் காட்டியது.

எனவே அங்கே உட்கார்ந்திருப்பது நான் அல்ல, வைக்கோல் என்பதைக் கொட்டை எழுத்தில் போடவும். தங்கள் முழங்காலும் அச்சு இயந்திரமும் பல்லாண்டு மடங்கி நிமிர வாழ்த்தும்,

பேசில் ஹோஸ்கிங்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஐவியைத் தேடினால் ஆளைக் காணோம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். ரோட்டின் நட்டநடுவில் தடியை ஊன்றி நின்று, சாவகாசமாகத் தபால் படித்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு பக்கமும் மூன்று மூன்று வண்டிகள் நிற்கின்றன, எல்லாரும் பொம்மைக்கு விரல் தூக்குகிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தவள், "உன் கோட்டுல ஒரு பொத்தான் போயிருக்கு, தைக்கணும்" என்றாள். நாலு மாதத்துக்குப் பிறகு தபால் அவள் கையில்.

ஆகவே மேலே எழுதியது எதையும் போட வேண்டாம் அம்மா. அதற்குப் பதில் இந்த இரண்டு வரியைப் போடவும்: மாலீ ரோட்டு பேசில் ஹோஸ்கிங் தலைக்கனம் பிடித்தவன். காலை பத்து மணிக்கு ரொம்ப மோசம்.