திராட்சையிடம் நான் தோற்றதைப் பற்றி அத்தைக்கு

சந்தாபுரா,
சனிக்கிழமை

மதிப்புக்குரிய அத்தை அவர்களுக்கு, மருமகன் சஞ்சய் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் சௌம்யாவும் சுகம். பாப்பா நேற்றுக் காலை ஏழு நாற்பதிலிருந்து பரிபூரண சுகம். குடியாத்தத்தில் நீங்களும் உங்கள் இரண்டு முழங்கால்களும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். நான் ஒன்பது முறை போன் செய்தும் நீங்கள் எடுக்கவில்லை. "போன்ல கேக்கற மன்னிப்புக்கு அத்தாட்சி ஏது? எழுதி அனுப்பச் சொல்லு" என்று சௌம்யாவிடம் சொன்னீர்களாம். முப்பத்தொரு வருடம் தபால் ஆபீஸில் வேலை பார்த்தவர் வேறு எப்படிச் சொல்வார். அதனால் எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் தமிழில் எழுதும் முதல் கடிதம் இது. விடுமுறை விண்ணப்பம் மாதிரி இருந்தால் மன்னிக்கவும்.

குற்றத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை சாயங்காலம் என் ஆபீஸ் நண்பர்கள் நான்கு பேர் வந்திருந்தார்கள். நீங்கள் ஹாலில் உட்கார்ந்து பாப்பாவுக்குக் காய்ந்த திராட்சையைப் பிசைந்துகொண்டிருந்தீர்கள். மலச்சிக்கலா, திராட்சை, வறட்டு இருமலா, திராட்சை, உடம்புச் சூடா, ரத்தம் போதவில்லையா, காய்ச்சல் விட்டு வாய் கசக்கிறதா, அதற்கும் திராட்சை என்று மூன்று மாதமாகக் கேட்டு வந்ததில் எனக்கு நாக்கு அரித்தது. "எங்க வீட்ல லேப்டாப் ஹேங் ஆனாக்கூட எங்க அத்தை பத்து திராட்சை ஊறப்போடுவாங்க" என்றேன். நால்வரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நீங்கள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலை ஆறு மணி ஓசூர் பஸ்ஸில் கிளம்பிவிட்டீர்கள். திராட்சை டப்பாவும் உங்களோடு போய்விட்டது.

அன்றிலிருந்து பாப்பாவும் வேலைநிறுத்தம் செய்துவிட்டாள். ஞாயிறு வெளிக்குப் போகவில்லை, திங்கள் போகவில்லை, செவ்வாய் முக்கி முகம் சிவந்து அழுததோடு சரி. சௌம்யா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள் என்றாலும் ஆபீஸிலிருந்து மணிக்கொரு தடவை போன் செய்து "போச்சா?" என்று மட்டும் கேட்பாள், நான் "இல்ல" என்பேன், வைத்துவிடுவாள், ஐந்து நாள் எங்கள் இல்லறம் அந்த இரண்டு வார்த்தையில்தான் ஓடியது, புதன்கிழமை நான் வீட்டிலிருந்தே மீட்டிங்கில் இருந்தபோது அவள் கூப்பிட, மைக்கை அணைத்துவிட்டேன் என்ற நம்பிக்கையில் "இன்னும் போகல, வயிறு கல்லு மாதிரி இருக்கு, ராத்திரி வரைக்கும் பாக்கலாம்" என்று நான் சொன்னதைப் பன்னிரண்டு பேர் கேட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் டீம் லீட் உமேஷ் தனியாகக் கூப்பிட்டு, "ப்ரோ, உங்களுக்கா பாப்பாவுக்கா? யாருக்கா இருந்தாலும் ஒண திராட்சி நீர் குடுங்க. எங்க அம்மா எங்களுக்கெல்லாம் அதான் குடுத்தாங்க" என்றான். கன்னடத்தில் சொன்னாலும் அது உங்கள் காய்ந்த திராட்சைதான், அத்தை.

நான் மசியவில்லை. வியாழக்கிழமை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓசூர் ரோட்டு நெரிசலில் ஒன்றே கால் மணி நேரம் ஊர்ந்து போய்க் குழந்தை டாக்டரைப் பார்த்தேன். அந்த அம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை, தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, "பத்து கறுப்பு திராட்சைய நைட் ஊற வெச்சு, காலைல பிசைஞ்சு வடிகட்டிக் குடுங்க. ஏன், வீட்ல பெரியவங்க யாரும் இல்லையா?" என்றார். இருந்தார்கள் என்றேன்.

திரும்பும் வழியிலேயே கடையில் நிறுத்தினேன். திராட்சையில் இத்தனை ஜாதி உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள். மஞ்சளாக மின்னியதைப் பார்த்து மயங்கி அரைக் கிலோ வாங்கி வந்தேன், வீட்டுக்கு வந்த பிறகுதான் கறுப்பு என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது, மறுபடி ஓடிக் கறுப்பு வாங்கினேன், ஊறுகிற வரை பொறுக்காமல் வெந்நீரை ஊற்றி மிக்ஸியில் ஒரு சுற்றுச் சுற்றினேன், உள்ளே விதை இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது, விதை அரைபட்டுக் கசந்த அந்தக் கூழைப் பாப்பா ஒரு வாய் வாங்கி, என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, என் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இரண்டாவது கிண்ணத்தை மூட மறந்ததில் அது எறும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

நீங்கள் எப்படித்தான் செய்வீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது. பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஹாலில் கேமரா மாட்டியிருக்கிறேன் அல்லவா, அதில் பதினைந்து நாள் பதிவு இருக்கும். உட்கார்ந்து பார்த்தேன். ஹாலில் உட்கார்ந்தபடியே மூன்று தண்ணீரில் கழுவுகிறீர்கள். ஒவ்வொரு திராட்சையாகக் கட்டைவிரலால் அழுத்தி விதையைப் பிதுக்குகிறீர்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறீர்கள். அதற்குள் பாப்பா மூன்று தடவை உங்கள் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்க, மூன்று தடவையும் "குடு கண்ணு, பாட்டிக்கு விதை தெரியல" என்று வாங்கி மாட்டிக்கொள்கிறீர்கள். நான் இதைத்தான் மூன்று மாதமாக ஒரு வேலை என்றே நினைக்காமல் இருந்தேன். பார்த்துக்கொண்டே வந்ததில் அந்தச் சனிக்கிழமையும் வந்துவிட்டது. நாங்கள் ஐந்து பேரும் சிரிக்கிறோம். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு, இருக்கிற வேலையை முடிக்கிறீர்கள். கடைசித் திராட்சை வரைக்கும் விதை எடுத்து, பாப்பாவுக்கு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறீர்கள். எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது, அத்தை. உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் கிண்ணத்தை மருமகன் தலையில் கவிழ்த்திருப்பேன்.

வியாழன் ராத்திரியே ஊறப்போட்டு, நேற்றுக் காலை நீங்கள் செய்த மாதிரியே செய்தேன். மூன்று தண்ணீர், கட்டைவிரல், வெள்ளைத் துணி, புறங்கை எல்லாம் ஆயிற்று. ஆறே முக்காலுக்குப் பாப்பா குடித்தாள். ஏழு நாற்பதுக்கு நடந்ததை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது. சௌம்யா அழுதுவிட்டாள், ஐந்து நாளில் முதல் தடவையாக என்னிடம் ஒரு முழு வாக்கியம் பேசினாள்: "அந்த டயப்பர் பாக்கெட்ட எடு, இன்னொண்ணு வேணும்." சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுச் சந்திரம்மா மேலே ஓடிவந்தார். சாயங்காலம் எங்களுக்கு மீட்டிங் இருக்கும்போதெல்லாம் பாப்பாவைத் தூக்கி வைத்துக்கொள்பவர் அவர்தான். அவரும் கை தட்டினார்.

இன்று முழுக்கத் திராட்சையைப் பற்றித்தான் படித்தேன். சித்த மருத்துவத்தில் கொடிமுந்திரி என்று அதற்கு எவ்வளவு மரியாதையான பெயர். உடம்புச் சூட்டைத் தணிக்கும், தாகம் தீர்க்கும், மலத்தை இளக்கும், இளைத்த உடம்பைத் தேற்றும் என்று நீங்கள் சொன்னதெல்லாம் ஒன்று விடாமல் அதில் இருக்கிறது. நானும் இன்று பத்து ஊறப்போட்டுச் சாப்பிட்டேன். அதன் பலனை நேரில் சொல்கிறேன். திராட்சை ஜெயித்தது, நான் தோற்றேன். ஆகவே, நிரூபணம் கிடைத்துவிட்டபடியால், தாங்கள் அடுத்த பஸ்ஸிலேயே புறப்பட்டு வருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த நான்கு நண்பர்களையும் மறுபடி கூப்பிட்டு, அவர்கள் முன்னால் திராட்சையைப் புகழ்ந்து பேசவும் தயார். உமேஷ் சாட்சிக்கு வருவான்.

பெரியவர் நீங்கள், நான் உங்களை வாழ்த்த முடியாது. எங்களைத் திட்டியாவது ஆசீர்வதிக்க வேண்டும். பாப்பாவின் கைரேகை ஓரத்தில் உள்ளது. திராட்சைச் சாறுதான், துடைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தோற்றுப்போன மருமகன்,
சஞ்சய்

பி.கு.: திங்கட்கிழமை காலை. தபாலில் போடக் கீழே இறங்கியபோது சந்திரம்மா வழிமறித்து, "பாப்பா சரியா போறாளா சார்? எல்லாம் நான் குடுத்த பப்பாளிதான். செவ்வாக்கிழமையிலருந்து தினம் சாயங்காலம் ஒரு துண்டு மசிச்சுக் குடுத்தேன், உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றார். ஆகவே மேலே நான் எழுதிய நிரூபணம் செல்லாது. திராட்சையா பப்பாளியா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சௌம்யா, "இத எழுதாத. பப்பாளின்னா சூடும்பாங்க அம்மா, வரவே மாட்டாங்க" என்கிறாள். ஏற்கெனவே ஒரு தப்பு செய்திருக்கிறேன், பொய்யும் சொல்லி அழைக்க மனம் வரவில்லை. திராட்சை தோற்றிருந்தாலும் நான் சிரித்தது தப்புதான், அத்தை. காரணமெல்லாம் போய்விட்டது. சும்மா வாருங்கள்.