ஆவிக்கு எடுத்த பல் அச்சு

மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் அந்தக் குளிர்காலம் ஆவிகளுக்கு நல்ல காலம். முன்பெல்லாம் பாவம், மலையிலும் ஆற்றங்கரையிலும் கிடந்து விறைத்தன. இப்போது ஹைபிரிட் கார்களின் பின்சீட்டுக்கு அடியில், பெரிய பேட்டரிக்குள், கதகதப்பாகக் குடியேறியிருந்தன. இந்தச் செய்தியை ஊருக்குச் சொன்னவர் சாமியாடி ஜம்பல்தோர்ஜ்.

பழைய கார்ச் சந்தைக்குப் பின்னால் வேலி அடைத்த அவருடைய வீடு. சனிக்கிழமை விடிந்ததும் வேலியைச் சுற்றிக் கார்கள் வரிசையாக நிற்கும். எல்லாம் ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துக் கப்பலில் ஏற்றிவிட்டவை. பழைய சொந்தக்காரர்கள் செத்தும் வண்டியை விட்டு இறங்கவில்லை என்பது சாமியாடியின் கண்டுபிடிப்பு. அதற்கு அவரிடம் சாட்சி இருந்தது.

"வண்டியக் கிளப்புனதும் ஒரு பொம்பள பேசுறாளா இல்லையா?"

"பேசுறா சாமி!"

"என்ன சொல்றான்னு யாருக்காவது புரியுதா?"

"புரியல சாமி!"

"அப்போ அது ஆவிதான்."

கூட்டம் தலையாட்டியது. புரியாமல் பேசுகிறதெல்லாம் ஆவி என்றால் வரி அலுவலகம் முழுக்க ஆவிதான். ஆனால் அங்கே யாரும் பால் தெளிப்பதில்லை.

பாலை இங்கே தெளித்தார்கள். ஒன்பது குழி வெட்டிய மரக்கரண்டியால் சக்கரத்துக்குச் சக்கரம் தெளித்தார்கள். விழுந்த இடத்திலேயே பால் உறைந்தது. ஆவி அதை எப்படிக் குடித்தது என்று யாரும் கேட்கவில்லை.

வரிசையில் ஏழாவது வண்டி ஹுலானுடையது. அந்த ஊரில் தெருவில் கை நீட்டினால் எந்தக் காரும் வாடகைக் கார்தான். ஹுலானும் அவள் மகனும் சாப்பிட்டது அந்தக் கைகளை நம்பித்தான். கணவன் ஒத்கோன் கொரியாவுக்கு வேலைக்குப் போகும்போது வாங்கித் தந்த வண்டி. போன புதிதில் தினமும் பேசினான். பிறகு ஞாயிறுதோறும். வசந்தத்துக்குப் பிறகு பேச்சே இல்லை.

இலையுதிர்காலத்தில் வண்டியில் சிவப்பு முக்கோண எச்சரிக்கை விளக்கு எரிந்தது. சாமியாடியிடம் வந்தாள். அவர் எல்லோரையும் இறக்கிவிட்டு, கண்ணாடிகளை நீலப் பட்டால் மூடி, உள்ளே தனியாக உட்கார்ந்து மத்தளம் அடித்தார். இறங்கியபோது விளக்கு அணைந்திருந்தது. ஆட்டுத்தோல் விரித்த பின்சீட்டுக்குப் பக்கத்தில் சல்லடை போட்ட ஒரு துளை உண்டு. அதில் காது வைத்தால் பெருமூச்சு கேட்கும். "ஆவியோட வாய் இது" என்று அந்தத் துளையில் கம்பளியைத் திணித்து, மேலே நீலப் பட்டைக் கட்டி, "இத எடுத்தா நான் பொறுப்பில்ல" என்றார்.

கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி மத்தளம். மூன்றாவது முறை வந்தபோது சாமியாடி அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"வண்டிக்குள்ள பேசுற இவ சாதாரண கிழவி இல்லம்மா. உன் வீட்டுக்காரன உங்கிட்ட இருந்து பிரிச்சதே இவதான். அடுத்து உன் பையன் மேல கண்ணு வச்சிருக்கா. வண்டிய வீட்ட விட்டு அனுப்பிடு. என் மச்சான் தாவா எடுத்துப்பான். பாதி விலைதான் தருவான். என்ன செய்ய, ஆவி புகுந்த வண்டியாச்சே."

மகனைப் பற்றிய பேச்சைக் கேட்டு அவள் நடுங்கினாள். உண்மைதான். ஆனால் அன்று வீடு திரும்பும்போது நடுக்கத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்ததை அவள் கவனித்தாள். அது நிம்மதி. ஒத்கோன் தானாகப் போகவில்லை, ஒரு கிழவி பிடித்துத் தள்ளியிருக்கிறாள். எட்டு மாதமாகத் தன்மீதே திரும்பியிருந்த கோபத்துக்கு இப்போது ஒரு முகம் கிடைத்தது. முகம் கிடைத்த பிறகு தூக்கமும் வந்தது. அந்தத் தூக்கத்துக்காக வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தாள்.

இந்தச் சனிக்கிழமை சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு. அவள் தினமும் மருத்துவமனையில் இறக்கிவிடும் பல் டாக்டர் துல்மாவிடம் வெள்ளிக்கிழமை இதைச் சொன்னாள்.

"திங்கள்ல இருந்து வேற வண்டி பாத்துக்கங்க அக்கா."

"வண்டிக்கு என்ன?"

ஹுலான் எல்லாவற்றையும் சொன்னாள். துல்மா சிரிக்கவில்லை. நோயாளி வாயைத் திறக்கும்போது பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அந்தப் பொம்பள பேசுறத நான் ஒருதடவ கேக்கணும். கிளப்பு."

வண்டி கிளம்பியது. குரல் வழக்கம்போல் இனிமையாக ஏதோ சொன்னது. ஜப்பானில் ஆறு வருடம் படித்தவள் துல்மா.

"சுங்கச் சாவடி அட்டைய இன்னும் செருகலையாம். செருகச் சொல்றா. அங்க ரோட்டுல காசு கட்டுற அட்டை. செத்தும் சுங்கம் கேக்குறாளாடி உன் கிழவி?"

"அப்போ அந்த முக்கோணம்? அவரு மத்தளம் அடிச்சா அணையுதே அக்கா. என் கண்ணால பாத்தேன்."

"அணைஞ்சதப் பாத்த. எப்படி அணைஞ்சதுன்னு பாத்தியா?"

"கண்ணாடிய மூடிருவாரு."

"நோயாளி கண்ண மூடினப்போதான நானும் பில் போடுறேன்" என்றாள் துல்மா. "இங்க பாரு. ஸ்டீயரிங்குக்குக் கீழ குனிஞ்சு பாரு. பட்டையா ஒரு ஓட்டை தெரியுதா? மெக்கானிக் அங்கதான் கருவியச் செருகி விளக்க அணைப்பான். கோளாறு அப்படியே இருக்கும், விளக்கு மட்டும் அணையும். உன் சாமி அதத்தான் செய்யுறாருன்னு நான் சொல்லல. செய்யுறாரான்னு பாத்துருவோம். செய்யலன்னா நானே என் கையால பால் தெளிக்கிறேன்."

பையிலிருந்து பல் அச்சு எடுக்கும் மாவை எடுத்தாள். கெட்டியாக்கும் மருந்தைக் கலக்காமல், ஸ்டீயரிங்குக்குக் கீழிருந்த அந்த ஓட்டைக்குள் மெத்தென்று அப்பினாள்.

சனிக்கிழமை, இருவரும் வரிசையில் நின்றார்கள். தாவா முன்கூட்டியே வந்து வண்டியின் டயர்களை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆவி புகுந்த வண்டிக்கு டயர் நன்றாக இருப்பதில் அவனுக்கு மகிழ்ச்சி.

"சாமி, குடுக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒருதடவ ஆவிய ஓட்டிவிடுங்க" என்றாள் ஹுலான். எந்தப் பக்கம் ஜெயிக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாமியாடி உள்ளே ஏறினார். பட்டு மூடியது. மத்தளம் அதிர்ந்தது. பிறகு நின்றது. மறுபடி அதிர்ந்தது, இந்த முறை தாளம் தப்பி. உள்ளே யாரோ முனகுவதும் எதையோ குத்துவதும் கேட்டது.

"பயங்கரமா சண்டை நடக்குது" என்றார் வரிசையிலிருந்த குர்பஜார், பக்தியோடு.

வெகுநேரம் கழித்து அந்தக் குளிரிலும் வியர்வையோடு சாமியாடி இறங்கினார். முக்கோணம் எரிந்துகொண்டே இருந்தது.

"சண்டாளி போக மாட்டேங்குறா! இன்னைக்கே வண்டியக் குடுத்துடும்மா!"

"கொஞ்சம் இருங்க" என்றாள் துல்மா. ஸ்டீயரிங்குக்குக் கீழே குனிந்து, ஓட்டையிலிருந்து மாவைப் பதமாக உரித்து எடுத்தாள். கையில் உயர்த்திக் காட்டினாள். மேல் வரிசையில் எட்டுக் குழி, கீழ் வரிசையில் எட்டுக் குழி. ஒவ்வொன்றும் ஒரே அளவு.

"இருபது வருஷமா அச்சு எடுக்குறேன். இவ்வளவு வரிசையான பல்ல எந்தக் கிழவிக்கும் பாத்ததில்ல. சாமி, மத்தளத்தக் கொஞ்சம் குலுக்குங்களேன்."

சாமியாடி குலுக்கவில்லை. பின்னாலிருந்த ஒருவர் மத்தளத்தைப் பிடுங்கிக் குலுக்கினார். உள்ளே ஒட்டியிருந்த சின்னக் கருவி கழன்று பனியில் விழுந்தது. பதினாறு ஊசி, அவற்றின் இடுக்கில் மாவு. துல்மா அதை அச்சின்மேல் வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"அது... அது ஆவி விட்டுட்டுப் போனது!" என்றார் சாமியாடி.

"ஆவி உங்க மத்தளத்துக்குள்ளயா பல்செட்ட வைக்கும்?"

துல்மா பின்கதவைத் திறந்தாள். ஆவியின் வாயில் கட்டியிருந்த நீலப் பட்டை அவிழ்த்துக் கம்பளியை இழுத்தாள். அதன் பின்னாலேயே ஆட்டு ரோமம் பந்து பந்தாக வந்தது.

"பேட்டரி சூடாகாம இருக்க இதுவழியாத்தான் காத்து போகணும். அடைக்காதேன்னு பக்கத்துலயே எழுதி ஒட்டிருக்கான், ஜப்பான் எழுத்துல. நீங்க குளிருக்கு ஆட்டுத்தோல விரிச்சு அடைச்சீங்க. மிச்சத்த இவரு அடைச்சாரு. காத்து இல்லாம விளக்கு எரியும், நீங்க திரும்ப வருவீங்க. மூணாவது தடவ வண்டியே மச்சானுக்கு."

எல்லோரும் தாவாவைத் தேடினார்கள். அவன் அங்கே இல்லை. வேலியோரம் நின்ற அவனுடைய ஹைபிரிட் கார் சத்தமில்லாமல் தெருமுனையைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதன் துளையில் கம்பளி எதுவும் இருந்திருக்காது.

கூட்டம் சாமியாடியை நெருங்கியது. ஹுலான் அந்தப் பக்கம் போகவில்லை. வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வண்டி தப்பியது. ஆனால் கிழவி போய்விட்டாள். அந்தக் குரலில் இனி அட்டை கேட்கும் ஒருத்திதான் இருந்தாள். ஒத்கோனை யாரும் தள்ளவில்லை. இத்தனை மாதம் தான் அவனிடம் ஒரு கேள்வியைக் கேட்காமலே இருந்தது ஏன் என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. கேட்டால் பதில் வந்துவிடும்.

கைப்பேசியை எடுத்தாள். வெகுநேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"நீ வருவியா, மாட்டியா? அத மட்டும் சொல்லு."

மறுமுனையில் அவன் தொண்டையைச் செருமினான். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அதை மொழிபெயர்க்க அவளுக்குத் துல்மா தேவைப்படவில்லை.

"சரி" என்று வைத்தாள். வலித்தது. ஆனால் வலி இருக்கும் இடம் இப்போது சரியாகத் தெரிந்தது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். குர்பஜார்.

"தங்கச்சி, வண்டியக் கொஞ்சம் முன்னாடி எடு. நான் போகணும்."

"வீட்டுக்கா அண்ணே?"

"இல்லம்மா. இவன் ஃபிராடு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருக்காராம், அவர்தான் அசல்."

மைனஸ் நாற்பது டிகிரி உறைகுளிரில் இரும்பு வண்டியைக் கிளப்பத் தெரிந்த மனிதர்கள். தோளுக்குமேல் இருப்பதையும் ஒருமுறை கிளப்பிப் பார்த்தால் என்ன?