மூச்சைப் பிடிக்கவைத்த மூன்றாம் மாடி ஸ்டூடியோ

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

மருமகள் புத்தகப்புழு எழுதிக்கொள்வது. இங்கு அம்மா நலம், அப்பா நலம், நானும் நலம். சித்தி நலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறாள். அங்கு நீங்களும் உங்கள் முழங்காலும் எப்படி?

"உன் சித்தி ஏதோ ஸ்டூடியோ வாங்கப் போறாளாம். படம் புடிக்கிற இடத்துல எவனாவது குடியிருப்பானா? நீ கூடப் போயி, இருக்கிற குறையெல்லாம் எழுதி அனுப்பு" என்று போனில் சொன்னீர்கள். அண்ணன் சரி என்று சொல்லாமல் வாங்க மாட்டேன் என்று சித்தியும் சொல்லிவிட்டதால், நடுநிலை தவறாமல் எழுதுகிறேன். அகராதியில் பார்த்தேன். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் ஒரே அறைக்குள் இருந்தால் அந்த வீட்டுக்கும் ஸ்டூடியோ என்றுதான் பெயராம். 'ஆகையால் அங்கு யாரும் படம் எடுக்க வர மாட்டார்கள்' என்று போகும் வழியிலேயே உங்களுக்காக ஒரு வாக்கியமும் அமைத்து வைத்திருந்தேன்.

குறைகள் நிறைய. கீழே பஸ் நிறுத்தம். ஜன்னலைத் திறந்தால் கண்டக்டர் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்துவது நம்மையே சொல்வதுபோல் கேட்கிறது. நான் இரண்டடி உள்ளே போய்விட்டேன். ஃபிரிட்ஜைத் திறந்தால் குளியலறைக் கதவு திறக்காது. கட்டில் சுவருக்குள் மடங்கும் வகை. "சின்னக் குழந்தைகூட மடக்கலாம் மேடம்" என்று தரகர் அதில் உட்கார்ந்து காட்டினார். அது அவரையும் சேர்த்து மடக்கப் பார்த்தது. நானும் சித்தியும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். ஆள் வந்துவிட்டார், ஒரு ஷூ வரவில்லை. "ஸ்பிரிங் புதுசு மேடம்" என்றார், ஒற்றைக் காலில் நின்றபடி.

இதோடு முடிந்ததா? தெருவாசலில் தரகர் 'ஸ்டூடியோ, மூன்றாம் மாடி' என்று அட்டை மாட்டியிருந்தார். கைக்குழந்தையோடு ஒருவர் ஏறி வந்து, "பாஸ்போர்ட் சைஸ் உடனே கிடைக்குமா?" என்றார். என் வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டேன். சித்தி, "இது வீடுங்க" என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? "மூணு மாடி ஏறி வந்துட்டாருடி, பாவம்" என்று என் காதில் சொல்லிவிட்டு, ஜன்னலோரம் வெள்ளைச் சுவரை ஒட்டி நிறுத்தித் தன் போனிலேயே படம் எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டாள். வெளிச்சம் அப்படி ஓர் அழகு! அவர் கீழே போய் என்ன சொன்னாரோ, பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் மேலே வந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பழகிய வாய் அல்லவா, சித்தி ஒவ்வொருவரிடமும், "மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க, அசையாதீங்க" என்கிறாள். கூட்டத்தில் ஒரு பெரியவரிடம் "விடுங்க" என்று சொல்ல மறந்துவிட்டாள். அவர் புடிச்ச மூச்சோட படிக்கட்டு வரைக்கும் போயிட்டாரு மாமா! நான்தான் பின்னாலேயே ஓடி, "விட்டுடுங்க, விட்டுடுங்க" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து, இதே வீட்டை விலை பேச வந்த ஒரு கணவனும் மனைவியும் எட்டிப் பார்த்தார்கள். "ஒரே ரூம்ல இத்தனை பேரா இருக்கீங்க?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் இறங்கிவிட்டார்கள். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இனிமே நீங்களே வாங்கினாத்தான் உண்டு மேடம்."

ஆகவே மாமா, இரைச்சல், இட நெருக்கடி, ஷூவை விழுங்கும் கட்டில் ஆகிய காரணங்களால் இதை வாங்கக் கூடாது என்பதே என் முடிவு. அத்தைக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
நடுநிலை தவறாத மருமகள்

பின்குறிப்பு: மேலே உள்ள முடிவைத் தயவுசெய்து கிழித்துவிடுங்கள். கையெழுத்து நன்றாக வந்துவிட்டதால் எனக்கு மனம் வரவில்லை. எல்லோரும் போன பிறகு, "நீங்களும் நில்லுங்க மேடம்" என்று தரகரே சித்தியைப் படம் எடுத்தார். இதனுடன் வைத்திருக்கிறேன். நம் வீட்டுப் படங்களில் சித்தி யார் குழந்தையையாவது தூக்கிக்கொண்டு, ஓரத்தில், பாதிதான் இருப்பாள். இதில் நடுவில், முழுசாக, சிரித்துக்கொண்டு இருக்கிறாள். நீங்கள் சொன்னது சரிதான் மாமா. அது படம் பிடிக்கிற இடம்தான். பார்த்தவுடன் போன் செய்யுங்கள். இங்கே உங்கள் தங்கை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். 'விடு' என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.